இறந்தவரைப் பற்றி உண்மை பேசினால் நான்காம் கட்டளையை மீறுவதாகுமா?

அக்டோபர் 3, மாலை (வாசகர் ஒருவரின் கேள்வி)

அப்பா இறந்து ஓராண்டு ஆகப் போகிறது. நினைவுத் திருப்பலி முடிந்ததும் மூத்த மகன் என்ற முறையில் நான் நாலு வார்த்தை பேச வேண்டும் என்கிறார்கள். அப்பா குடிப்பார். குடித்தால் அம்மாவை அடிப்பார். எங்களுக்காக உழைத்தார், படிக்க வைத்தார், அதுவும் உண்மை. நல்லதை மட்டும் சொன்னால், முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் அம்மாவின் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்வது போல் இருக்கும். மற்றதைச் சொன்னால் தந்தையை மதிக்காத மகன் ஆகிவிடுவேன். தாய் தந்தையை மதிக்கச் சொல்லும் நான்காம் கட்டளையா, பொய்ச்சான்று கூடாதென்னும் எட்டாம் கட்டளையா? விவிலியம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அக்டோபர் 3, இரவு 10.20

இரண்டுக்கும் மோதலே இல்லை என்று நினைக்கிறேன். மத்தேயு நற்செய்தியின் முதல் பக்கத்தை எடுங்கள், இயேசுவின் மூதாதையர் பட்டியல். சாலமோனின் தாய் பத்சேபா என்று எழுதிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் "உரியாவின் மனைவி" என்று இருக்கிறது. அரசர் தாவீது அந்தப் பெண்ணோடு செய்த பாவமும், அதை மறைக்க உரியாவைப் போர்முனையில் சாகவிட்டதும் அந்த இரண்டு சொல்லுக்குள் அடங்கிவிட்டன. மெசியாவின் குடும்பக் கதையை எழுத உட்கார்ந்தவர் தாத்தாவின் பாவத்தை நீக்கிவிட்டு எழுதவில்லை.

மக்கபேயர் இரண்டாம் நூல் 12ஆம் அதிகாரமும் உங்களுக்கு உதவும். போரில் இறந்த தம் வீரர்களை அடக்கம் செய்ய யூதர்களின் படைத்தலைவர் யூதா மக்கபே போகிறார். இறந்தவர்களின் உடைக்குள் வேற்றுத் தெய்வத்தின் தாயத்துகள் கிடைக்கின்றன. எல்லாரும் பார்த்துவிட்டார்கள். யாரும் மறைக்கவில்லை, உடல்களைத் தூக்கி எறியவும் இல்லை. 2000 திராக்மா வெள்ளி திரட்டி, அவர்களுடைய பாவத்துக்காகப் பலி ஒப்புக்கொடுக்கும்படி எருசலேமுக்கு அனுப்பினார்கள். இறந்தவர்களுக்காக நாம் மன்றாடுவதற்குத் திருச்சபை காட்டும் முக்கியமான இடம் இதுதான். குறையே இல்லாத மனிதர் என்றால் அவருக்காக எதற்கு மன்றாட வேண்டும்?

இன்னொன்று. உரோமைத் திருப்பலி நூலின் பொது விளக்கவுரை, எண் 382: அடக்கத் திருப்பலியில் பொதுவாகச் சிறு மறையுரை இருக்க வேண்டும், எந்த விதமான புகழுரையும் கூடாது. திருச்சபையே உங்களிடம் புகழுரை கேட்கவில்லை. தைரியமாக உண்மையைப் பேசுங்கள்.

அக்டோபர் 4, காலை

பெற்றோரை மதிப்பது ஐந்தாம் கட்டளை அல்லவா என்று ஒருவர் திருத்தினார். நாம் எண்ணுவது திருச்சபையின் பழங்கால ஆயர் புனித அகுஸ்தீன் பகுத்த வரிசைப்படி. அதில் பெற்றோர் நான்காவது, பொய்ச்சான்று எட்டாவது. பல பிரிந்த சபைகள் வேறு வரிசையில் எண்ணுகின்றன. கட்டளைகள் அதேதான், எண்கள் மட்டும் ஒன்று தள்ளிப்போகும். அகுஸ்தீன் பெயர் வந்துவிட்டதால் சொல்லி வைக்கிறேன், அவரிடம் திரும்ப வர வேண்டியிருக்கும்.

அக்டோபர் 5, இரவு

நோவாவை மறந்துவிட்டீர்களே என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி. நாள் முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

தொடக்கநூல் 9. நோவா திராட்சை மது குடித்து, ஆடை விலகிக் கூடாரத்தில் கிடக்கிறார். மகன் காம் பார்த்துவிட்டு வெளியே போய் மற்ற இரு மகன்களிடமும் சொல்கிறான். சேமும் எப்பேத்தும் ஒரு போர்வையைத் தோளில் போட்டுக்கொண்டு, முகத்தைத் திருப்பியபடி பின்னோக்கி நடந்துவந்து தந்தையை மூடுகிறார்கள். ஆசி பெற்றவர்கள் அவர்கள்தான். அப்படியானால் என் முந்தின பதில் காமின் பக்கம் நிற்கிறதா?

கொஞ்சம் நிற்கிறது. அவசரப்பட்டு எழுதிவிட்டேன். ஆனாலும் இரண்டு விஷயம். மூடிய மகன்கள் இருவரும் "அப்பா குடிக்கவே இல்லை" என்று சொல்லவில்லை. குடித்திருக்கிறார் என்று தெரிந்துதான் போர்வையை எடுத்தார்கள். இரண்டாவது, மூடியவர்களை ஆசீர்வதிக்கும் அதே நூல் நோவா குடித்ததை நம் எல்லாருக்கும் எழுதி வைத்திருக்கிறது. போர்வை போட்டதையும் எழுதியது, போர்வைக்குக் கீழே என்ன இருந்தது என்பதையும் எழுதியது.

எனவே கேள்வி கேட்டவருக்கு: யாரிடம், எந்த இடத்தில், எதற்காகச் சொல்கிறோம் என்பதை நான் முதலில் கேட்டிருக்க வேண்டும். அடி வாங்கியது உங்கள் அம்மா. அந்த உண்மை முதலில் அவருடையது. அம்மாவிடம் கேட்டீர்களா?

அக்டோபர் 7, மதியம்

குடும்பத்துக்குள் பொய் என்றாலே எனக்கு யாக்கோபு வீடுதான். தந்தை ஈசாக்குக்குக் கண் தெரியாது. மூத்தவனுக்குரிய ஆசியை இளையவன் பெறும்படி, தாய் ரெபேக்கா ஏசாவின் உடையை யாக்கோபுக்கு உடுத்தி, கைகளிலும் கழுத்திலும் ஆட்டுக்குட்டித் தோலைச் சுற்றி அனுப்புகிறார். "நீ யார், மகனே?" "நான் உம் தலைமகன் ஏசா." அப்புறம் அந்த யாக்கோபே முதியவர் ஆகிறார், அவருடைய மகன்கள் தம்பி யோசேப்பை விற்றுவிட்டு அவனுடைய அங்கியை வெள்ளாட்டுக் கிடாயின் இரத்தத்தில் தோய்த்து அனுப்புகிறார்கள். அன்று ஆட்டுத் தோலும் அண்ணன் உடையும், இன்று ஆட்டு இரத்தமும் தம்பி உடையும்.

அந்தப் பிள்ளைகள் "யோசேப்பு இறந்துவிட்டான்" என்று வாய் திறந்து சொல்லவே இல்லை என்பதைக் கவனியுங்கள். "இது உம் மகனின் அங்கியா, இல்லையா, பாரும்" என்று கேட்கிறார்கள், அவ்வளவுதான். முடிவை அப்பாவே எடுத்துக்கொள்கிறார். ஒரு பொய்யும் சொல்லாமல் ஒரு மனிதரை முழுப் பொய்க்குள் குடியிருத்திவிட முடிகிறது. எத்தனை ஆண்டு? யோசேப்புக்கு அப்போது வயது 17. எகிப்து அரசன் பார்வோன் முன் நின்றபோது 30. வளமான ஆண்டுகள் ஏழு, பஞ்சம் தொடங்கி இரண்டு. 22 ஆண்டுகள் அந்த அப்பா உயிரோடிருக்கும் மகனுக்காகத் துக்கம் கொண்டாடினார்.

எனக்கு மிகவும் கனக்கும் வரி தொடக்கநூல் 37:35. "அவருடைய புதல்வர் புதல்வியர் எல்லாரும் அவருக்கு ஆறுதல் சொல்ல வந்தார்கள்." தோய்த்த கைகள்தான் தோளைத் தடவிக் கொடுத்தன.

அக்டோபர் 7, இரவு

மதியம் எழுதியதில் பிழை. திரும்ப வாசித்தேன். "இதை நாங்கள் கண்டெடுத்தோம்" என்று அவர்கள் சொல்கிறார்கள். கண்டெடுக்கவில்லை, கழற்றினார்கள். ஆக ஒரு பொய் இருக்கிறது. அந்த ஒரு சொல் எனக்குப் பதினைந்து ஆண்டுகளாகக் கண்ணில் படவில்லை. ஏன் படவில்லை என்று இப்போது புரிகிறது, ஆனால் இன்று அதை எழுத மனம் வரவில்லை.

அக்டோபர் 11, இரவு 11.50

எழுதிவிடுகிறேன்.

நான்கு ஆண்டுகளுக்கு முன் என் அண்ணன் வேறு நாட்டில் வேலை செய்துகொண்டிருந்தபோது மாரடைப்பில் இறந்தான். அம்மா அப்போது படுக்கையில் இருந்தார், இதயம் பலவீனம். அம்மாவுக்குச் சொல்ல வேண்டாம் என்று நான்தான் முடிவு செய்தேன். தங்கை சொல்ல வேண்டும் என்றாள். "அம்மாவுக்குத் தெரியாமல் அம்மா பிள்ளையைப் புதைப்பதா?" என்று கேட்டாள். நான் கேட்கவில்லை. அன்றோடு எங்களுக்குள் பேச்சு நின்றது.

அம்மா அதற்குப் பிறகு ஐந்து மாதம் இருந்தார். முதலில் வாரம் தவறாமல் கேட்பார்: "பெரியவன் பேசினானா?" நான் சொல்வேன்: "வேலை அதிகம்மா. லைன் சரியில்லம்மா." ஒரு நாளும் "நன்றாக இருக்கிறான்" என்று சொன்னதில்லை. அதை வைத்துக்கொண்டு, நான் பொய் சொல்லவில்லை என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். 7ஆம் தேதி மதியம் யோசேப்பின் அண்ணன்களுக்காக அவ்வளவு நுணுக்கமாக வாதாடியது ஏன் என்று இப்போது உங்களுக்கும் தெரியும்.

சாமுவேல் இரண்டாம் நூல் 18இல் அகிமாசு என்று ஒருவன் வருகிறான். குரு சாதோக்கின் மகன். அப்சலோம் கொல்லப்பட்டுவிட்டான், தாவீதிடம் செய்தி போக வேண்டும். படைத்தலைவர் யோவாபு அகிமாசைத் தடுக்கிறார்: இன்று நீ போகாதே, இறந்திருப்பது அரசரின் மகன். ஒரு கூசியனை, அதாவது கூசு நாட்டு ஆளை, அனுப்புகிறார். அகிமாசு விடாமல் கெஞ்சி, வேறு வழியாக ஓடி, கூசியனை முந்திவிடுகிறான். இரு வாயில்களுக்கு நடுவே உட்கார்ந்திருக்கும் அரசர் கேட்கிறார்: இளைஞன் அப்சலோம் நலமா? அகிமாசு சொல்கிறான்: பெரிய குழப்பத்தைக் கண்டேன், என்னவென்று தெரியவில்லை. அவனுக்குத் தெரியும். யோவாபு அவனிடம் சொல்லியிருந்தார். யாரையும் விட வேகமாக ஓடி வந்தவன் அரசரின் முகத்தைப் பார்த்ததும் மாற்றிச் சொல்லிவிட்டான். "அங்கே தள்ளி நில்" என்கிறார் அரசர். தள்ளி நிற்கிறான். அவ்வளவுதான், அவன் கதை அங்கே முடிந்துவிடுகிறது. ஐந்து மாதம் நான் தள்ளித்தான் நின்றேன், அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்திலேயே.

அக்டோபர் 12, காலை

சொல்லியிருந்தால் அம்மா அன்றே போயிருப்பார், விவிலியத்தின் முதிய குரு ஏலி போனது போல, என்று ஒருவர் பரிவோடு எழுதியிருக்கிறார். நன்றி. இந்த வாதத்தை நானும் அப்போது தங்கையிடம் சொன்னேன்.

ஆனால் சாமுவேல் முதல் நூல் 4ஐ மெதுவாக வாசியுங்கள். ஏலிக்கு வயது 98, பார்வை இல்லை. தூதன் வரிசையாகச் சொல்கிறான்: இஸ்ரயேலர் ஓடிவிட்டார்கள், பெரும் அழிவு, உம் இரு புதல்வர் ஓப்னியும் பினகாசும் மாண்டார்கள், கடவுளின் பேழை (கட்டளைக் கற்பலகைகள் இருந்த பெட்டி) கைப்பற்றப்பட்டது. "பேழை" என்ற சொல்லைக் கேட்டதும்தான் அவர் இருக்கையிலிருந்து பின்னால் விழுந்து கழுத்து முறிந்து இறக்கிறார். பிள்ளைகள் செத்தார்கள் என்ற செய்தியை அவர் உட்கார்ந்தபடியே கேட்டு முடித்தார். முதியவர்கள் எதைத் தாங்குவார்கள், எதைத் தாங்க மாட்டார்கள் என்று நமக்கு என்ன தெரியும்?

அக்டோபர் 13, மாலை

கூசியன் மட்டும் உண்மையை உடைத்துச் சொன்னானா என்று கேட்டவருக்கு: அவனும் "இறந்துவிட்டான்" என்ற சொல்லைச் சொல்லவில்லை. அரசரின் பகைவர் எல்லாரும் அந்த இளைஞனைப் போல் ஆகட்டும் என்கிறான். அதுவே போதுமாயிருந்தது. தாவீது வாயிலின் மேல்மாடிக்கு அழுதுகொண்டே ஏறிப்போகிறார். அந்த ஒரே வசனத்தில் "என் மகனே" என்பது ஐந்து முறை. அடுத்த அதிகாரத்தில் முகத்தை மூடிக்கொண்டு மறுபடி அழுகிறார், அங்கே மூன்று. தன் அரியணையைப் பறிக்க வந்த மகனுக்காக எட்டு முறை. தந்தையைப் பற்றி இரண்டு மனதாக இருக்கும் கேள்வியாளர் இதை வாசிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். அப்சலோம் செய்தது எதையும் அந்த அழுகை இல்லையென்று ஆக்கவில்லை. அவன் செய்த எதுவும் அந்த அழுகையை நிறுத்தவும் இல்லை.

அதற்கு முன்பும் தாவீதுக்கு ஒரு சாவுச் செய்தி வந்தது. பத்சேபாவின் முதல் குழந்தை ஏழாம் நாள் இறக்கிறது. பணியாளர்களுக்குச் சொல்லப் பயம். தங்களுக்குள் கிசுகிசுத்துக்கொள்கிறார்கள். தாவீது அதைக் கண்டே புரிந்துகொண்டு கேட்கிறார்: குழந்தை இறந்துவிட்டதா? "இறந்துவிட்டது." எழுந்து குளித்து, ஆண்டவரின் இல்லம் சென்று தொழுது, அப்புறம் உண்கிறார்.

எங்கள் வீட்டிலும் அடுத்த அறையில் கிசுகிசுத்தோம். மூன்றாம் மாதத்திலிருந்து அம்மா அண்ணனைப் பற்றிக் கேட்பதை நிறுத்திவிட்டார். தெரிந்துதான் நிறுத்தினாரா, அலுத்து நிறுத்தினாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. தாவீது கேட்ட கேள்வியை அம்மா கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்பதும் தெரியாது.

அக்டோபர் 17, இரவு

நல்லதுக்காகச் சொல்லும் பொய்யைத் திருச்சபை ஒத்துக்கொள்கிறதா, இல்லையா என்று விவாதம் சூடாகியிருக்கிறது. எனக்குத் தெரிந்ததை வைக்கிறேன்.

கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் 1992இல் முதலில் வந்தபோது, எண் 2483இல் பொய் என்பதற்கு ஒரு நிபந்தனையோடு விளக்கம் இருந்தது: உண்மையை அறிய உரிமை உள்ள ஒருவரைத் தவறான எண்ணத்துக்குக் கொண்டுபோகப் பேசுவது. 1997இன் இலத்தீன் பதிப்பில் "உரிமை உள்ள" என்ற பகுதியை எடுத்துவிட்டார்கள். உரிமை இல்லாதவரிடம் பொய் சொல்லலாம் என்று யாரும் வளைத்துக்கொள்ள இனி வழியில்லை. ஆனால் எண் 2489 இன்னும் இருக்கிறது: அறிய உரிமை இல்லாதவருக்கு உண்மையை வெளிப்படுத்தும் கடமை யாருக்கும் இல்லை. மௌனம் காக்கலாம், பொய் சொல்லக் கூடாது. இங்கே என்னால் தப்பிக்க முடியவில்லை. பெற்ற பிள்ளையின் சாவை அறியும் உரிமை தாய்க்கு இல்லாவிட்டால் வேறு யாருக்கு இருக்கும்?

எகிப்தின் மருத்துவப் பெண்கள் சிப்ராவும் பூவாவும் பார்வோனிடம் பொய் சொல்லிக் குழந்தைகளைக் காப்பாற்றினார்கள், கடவுளும் அவர்களுக்கு நன்மை செய்தாரே என்று கேட்கிறீர்கள். அகுஸ்தீனிடமும் இதைக் கேட்டார்கள். அவர்களுடைய இரக்கத்துக்குத்தான் பரிசு, பொய்க்கு இல்லை என்றார். பொய்யைப் பற்றி மட்டும் இரண்டு தனி நூல்கள் எழுதியவர் அவர். எந்தப் பொய்க்கும் இடம் தராதவர்.

அந்த அகுஸ்தீன் 383இல் தன் தாயிடம் பொய் சொன்னார். வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜிலிருந்து உரோமைக்குப் போகத் தீர்மானித்துவிட்டார். தாய் மோனிக்கா விடாமல் பற்றிக்கொள்கிறார். காற்று சாதகமாகும்வரை நண்பன் ஒருவனோடு இருக்கப் போகிறேன் என்று சொல்லி, புனித சிப்பிரியானின் நினைவுக்கோயிலில் அம்மாவை இரவு தங்க வைத்துவிட்டுக் கப்பலேறினார். விடிந்து பார்த்தால் மகன் இல்லை. இதை நமக்குச் சொன்னது யார்? அவரேதான், பின்னாளில் தம் வாழ்வைக் கடவுளிடம் அறிக்கையிட்டு எழுதிய நூலில். அம்மாவிடம், அதுவும் அப்படிப்பட்ட அம்மாவிடம் பொய் சொன்னேன் என்று எழுதுகிறார். பொய்க்கு அவர் அவ்வளவு கடுமை காட்டியதில் அந்த இரவுக்கும் பங்கு உண்டு என்று நான் நினைக்கிறேன். இது என் ஊகம்தான்.

வானதூதர் பொய் சொல்கிறாரே என்று தோபித்து நூலைச் சுட்டியவருக்கு: ஆமாம், இரபேல் தன்னை "அனனியாவின் மகன் அசரியா" என்று சொல்லிக்கொள்கிறார். இதற்கு விளக்கங்கள் பல உண்டு, எதுவும் எனக்கு நிறைவாக இல்லை. அந்த நூலில் எனக்குப் பிடித்தது அதற்கு அடுத்த காட்சி. மகன் பயணம் புறப்படுகிறான், தாய் அன்னா அழுகிறார். தந்தை தோபித்து ஆறுதல் சொல்கிறார்: கவலைப்படாதே, நல்ல வானதூதர் ஒருவர் அவனோடு போவார். வானதூதர் பக்கத்திலேயே நிற்கிறார்! கூடவே நாயும் போகிறது. இந்த இடம் வந்தால் எங்கள் வீட்டில் எல்லாரும் சிரித்துவிடுவோம். அண்ணன் சத்தமாகச் சிரிப்பான்.

அக்டோபர் 18, அதிகாலை

அதே நூலில் 10ஆம் அதிகாரம். மகன் குறித்த நாளில் திரும்பவில்லை. இறந்துவிட்டான் என்று அன்னா புலம்புகிறார். சும்மா இரு, அவன் நலமாக இருக்கிறான் என்கிறார் தோபித்து. அன்னா திருப்பிச் சொல்கிறார்: நீர் சும்மா இரும், என்னை ஏமாற்றாதீர். நாள்தோறும் வெளியே போய் மகன் போன வழியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

அன்னாவின் மகன் திரும்பி வந்தான்.

அக்டோபர் 24, இரவு

ஆறு நாளாக இங்கே எழுதவில்லை. தொடக்கநூல் 50இல் நின்றுவிட்டேன்.

யாக்கோபு இறந்துவிட்டார். யோசேப்பு இனிப் பழிவாங்குவானோ என்று அண்ணன்களுக்குப் பயம். ஆள் அனுப்புகிறார்கள்: உம் தந்தை இறக்குமுன் ஒரு கட்டளை கொடுத்தார், உன் சகோதரர் செய்த தீமையை மன்னித்துவிடு என்று உம்மிடம் சொல்லச் சொன்னார். யாக்கோபு அப்படிச் சொன்னதாக எங்கும் இல்லை. அதற்கு முந்தைய அதிகாரத்தில் அவர் ஒவ்வொரு மகனிடமும் பேசுகிறார், யோசேப்பும் அங்கே இருக்கிறார். சொல்ல வேண்டும் என்றால் நேரிலேயே சொல்லியிருப்பார். இறந்த அப்பாவின் வாயில் இவர்கள் வார்த்தையை வைத்தார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. "இதைக் கேட்டு யோசேப்பு அழுதார்." எதற்காக அழுதார்? அப்பாவை நினைத்தா, இன்னும் தன்னை நம்பாமல் பொய் சொல்லி அனுப்புகிறார்களே என்றா?

நானும் அதைச் செய்திருக்கிறேன்.

அம்மா இறந்த இரவு பக்கத்தில் நான் மட்டும்தான். அடக்கம் முடிந்து தங்கை முகம் கொடுக்காமல் கிளம்பும்போது வாசலில் நிறுத்திச் சொன்னேன்: "அம்மா கடைசியா உன்னப் பத்திதான் பேசினாங்க. அண்ணன் மேல கோபப்படாதே, அவன் எனக்காகத்தான் எல்லாம் செஞ்சான்னு உன்கிட்ட சொல்லச் சொன்னாங்க." தங்கை என் தோளில் சாய்ந்து அழுதாள். மறுபடி பேச ஆரம்பித்தோம். அன்றிலிருந்து நாங்கள் நல்ல அண்ணன் தங்கை.

அம்மா அப்படி எதுவும் சொல்லவில்லை. கடைசியாகத் தெளிவாகச் சொன்னது: "பெரியவன் வந்தா என்னை எழுப்பு." அப்புறம் கண்ணை மூடியவர் விழிக்கவில்லை.

உங்கள் கேள்விக்கு முதல் நாள் "தைரியமாக உண்மையைப் பேசுங்கள்" என்று எழுதியவன் நான். அதற்காக மன்னியுங்கள்.

அக்டோபர் 25, காலை

ஒப்புரவு அருள்சாதனத்துக்கு (பாவசங்கீர்த்தனத்துக்கு) போனீர்களா என்று இருவர் கேட்டீர்கள். அம்மாவிடம் மறைத்ததை முன்பே அறிக்கையிட்டிருக்கிறேன். தங்கையிடம் சொன்னது பாவமாகவே எனக்குத் தோன்றாததால் அதைச் சொன்னதில்லை. நேற்று மாலை போய்ச் சொன்னேன். அங்கே நடந்ததை எழுதப் போவதில்லை. இரவு தங்கைக்கு எல்லாவற்றையும் எழுதி அனுப்பினேன். இன்னும் பதில் இல்லை.

அக்டோபர் 26, மதியம்

கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார்: அம்மாவிடம் கேட்டேன், "அடிச்சத மைக்கில சொல்ல வேண்டாம்பா, ஆனா அவரு என்னைத் தங்கமா வச்சிருந்தாருன்னும் சொல்லிடாதே" என்றார்கள்.

இந்த அம்மாவுக்கு என் வணக்கம். 5ஆம் தேதி நான் போர்வையைப் பற்றி அரை பக்கம் எழுதியும் எட்டாத இடத்தை இவர் ஒரு வரியில் சொல்லிவிட்டார்.

என்ன பேசலாம் என்று கேட்கிறீர்கள். அகுஸ்தீன் தம் பெற்றோரைப் பற்றி எழுதியதைப் பாருங்கள். அப்பா பத்ரீசியுஸ் முன்கோபி, அம்மாவுக்கு உண்மையாக இல்லாதவர் என்று எழுதுகிறார். அம்மா மோனிக்காவைப் புனிதராக வணங்குகிறோம், ஆனால் சிறுமியாக இருந்தபோது மதுவைத் திருட்டுத்தனமாகச் சுவைத்துப் பழகி, வேலைக்காரப் பெண் குடிகாரி என்று திட்டியதும் வெட்கப்பட்டு விட்டதையும் மகன் எழுதிவிட்டார். எழுதி முடித்துவிட்டுப் படிப்பவர்களிடம் ஒன்றைக் கேட்கிறார்: பலிபீடத்தில் என் தாய் மோனிக்காவையும் அவள் கணவர் பத்ரீசியுசையும் நினைத்துக்கொள்ளுங்கள். குறையைச் சொன்ன மகனும் மன்றாட்டுக் கேட்ட மகனும் ஒரே ஆள்.

நீங்கள் அவ்வளவு விவரம் சொல்லத் தேவையில்லை. "அப்பா எங்களுக்காக உழைத்தார். அவரோடு வாழ்வது அம்மாவுக்கு எளிதாக இருக்கவில்லை. அப்பாவுக்காக மன்றாடுங்கள்." உங்கள் அம்மா கேட்டுத் தலையசைக்கக் கூடியதாக இருந்தால் போதும். அதிகமென்று பட்டால் நடு வரியை விட்டுவிடுங்கள், இல்லாததைச் சேர்க்க வேண்டாம்.

அக்டோபர் 26, இரவு

ஒன்று விட்டுப்போயிற்று. யோவான் 11. இயேசு முதலில் "நம் நண்பன் லாசர் தூங்குகிறான்" என்று மென்மையாகத்தான் சொல்கிறார். தூங்கினால் நலமடைவான் என்று சீடர்கள் தவறாக எடுத்துக்கொள்கிறார்கள். உடனே வெளிப்படையாகச் சொல்கிறார்: "லாசர் இறந்துவிட்டான்." மென்மையான சொல் மறைக்கத் தொடங்கியதும் அதை விட்டுவிட்டார். மார்த்தாவும் மரியாவும் அவரிடம் தனித்தனியே வந்து ஒரே குறையைச் சொல்கிறார்கள்: நீர் இங்கே இருந்திருந்தால் என் சகோதரன் இறந்திருக்க மாட்டான். இரண்டு பேரையும் அவர் கண்டிக்கவில்லை. அழுதார்.

அக்டோபர் 29, காலை

தங்கை பதில் எழுதினாள். அப்படியே போடச் சொன்னாள்:

"அன்னைக்கு வாசல்லயே எனக்குச் சந்தேகம். அம்மா உன்னை அண்ணன்னு சொல்லவே மாட்டாங்க. பெரியவன்தான் அண்ணன், நீ சின்னவன். எங்கிட்ட உன்னைப் பத்திப் பேசினா சின்னவன்னுதான் சொல்லுவாங்க. ஆனா எனக்கும் யாராவது ஒரு காரணம் சொல்லணும்னு இருந்துச்சு, சாஞ்சுக்கிட்டேன். பெரியண்ணன் செத்ததை மறைச்சதுக்கு எனக்கு இன்னும் கோபம் இருக்கு. அது போகலை. அம்மா கடைசியா சொன்னதை இவ்வளவு நாள் நீ மட்டும் வச்சிருந்ததுக்கும் கோபம். சாயங்காலம் கூப்பிடுறேன்."

கூப்பிட்டாள். ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசினோம், பாதி நேரம் அவள் திட்டினாள். அம்மா அதை எந்தக் குரலில் சொன்னார், முகம் எப்படி இருந்தது, வலித்ததா என்று மூன்று முறை திரும்பத் திரும்பக் கேட்டாள். தெரிந்ததைச் சொன்னேன். நினைவில்லாததை நினைவில்லை என்றேன்.

நவம்பர் 2

இறந்த நம்பிக்கையாளர் அனைவரின் நினைவு நாள். கேள்வி கேட்டவர் நேற்றே பேசிவிட்டாராம். நடு வரியையும் சொன்னாராம். அம்மா கையைப் பிடித்துக்கொண்டாராம். அவ்வளவுதான் எழுதியிருக்கிறார்.

மோனிக்கா 387இல் இத்தாலியின் ஓஸ்தியாவில் சாகக் கிடந்தபோது வயது 56. சொந்த மண்ணில் புதைக்க வேண்டுமே என்று ஒரு மகன் கவலைப்பட்டார். இந்த உடலை எங்கே வேண்டுமானாலும் வையுங்கள், ஆண்டவரின் பலிபீடத்தில் மட்டும் என்னை நினைத்துக்கொள்ளுங்கள் என்றார் அவர். நேற்றிரவு தங்கைக்கு இதை வாசித்துக் காட்டினேன்.

அண்ணனுக்கும் அம்மாவுக்கும் இதுவரை தனித்தனி நாளில்தான் திருப்பலிக் கருத்து (அவர்களுக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுக்கும்படி பெயர்) கொடுத்துவந்தோம். அம்மா உயிரோடிருந்தபோது அண்ணனுக்கு ஒளித்துக் கொடுத்த பழக்கம், அப்புறமும் அப்படியே தொடர்ந்துவிட்டது. இன்று காலை தங்கை போய் இரண்டு பெயரையும் ஒரே திருப்பலிக்கு எழுதிக் கொடுத்திருக்கிறாள், பெரியவன் பெயரை முதலில்.